காலிக் குடமா, ஓட்டைக் குடமா? ஏற்காட்டுக் கார் ஒன்றின் பேட்டரி கதை

டிசம்பர் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. காலை பதினொரு மணி இருக்கும். சேலம் கோரிமேட்டில் என் கடை வாசலில் எட்டு வயதான சின்னப் பெட்ரோல் கார் ஒன்று வந்து நின்றது. ஓட்டி வந்தவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், ஏற்காட்டில் நாகலூர் பக்கம் வீடு. இறங்கியதுமே சொல்லிவிட்டார்.

“தம்பி, ஒரு புது பேட்டரி போட்டுக் கொடுத்துருங்க. வேற எதையும் பார்க்க வேண்டாம்.”

“இப்ப இருக்கறது எப்ப சார் போட்டது?”

“போன வருஷம் அக்டோபர்ல.”

பதினாலு மாதம். நல்ல பேட்டரி மூன்று, நான்கு வருஷமாவது உழைக்கும். கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டதில் கதை வந்தது. வாரத்தில் இரண்டு நாளாவது காலையில் சாவியைத் திருப்பினால் செல்ஃப் சுற்றாமல் ‘டக் டக்’ என்று மட்டும் சத்தம் வருகிறது. மலையில் ஒரு வசதி, சரிவுக்குப் பஞ்சமில்லை. இரண்டாவது கியரில் உருட்டி ஸ்டார்ட் செய்துவிடுகிறார். சேலம் வந்து போனால் அடுத்த இரண்டு மூன்று நாள் ஒரு தொந்தரவும் இல்லை. அப்புறம் மறுபடியும் ‘டக் டக்’. அப்படி நின்றுபோன ஒரு நாள் காலையில் யாரோ ஒரு மெக்கானிக் வந்து மீட்டர் வைத்துப் பார்த்திருக்கிறார். 11.9 வோல்ட். “செத்துப்போச்சு சார், மாத்திருங்க” என்று சொல்லிப் போய்விட்டார்.

11.9 என்பது காலியாகிவிட்ட பேட்டரியின் கணக்கு. செத்துவிட்டதா இல்லையா என்பதை அந்த எண் சொல்லாது. குடத்தில் தண்ணீர் இல்லையென்றால் குடம் ஓட்டையாக இருக்கலாம், யாரும் நிரப்பாமல் விட்டிருக்கலாம், நிரப்பியதை ராத்திரியில் யாராவது மொண்டுகொண்டு போயிருக்கலாம். மூன்றில் எது என்று பார்க்காமல் குடத்தைத் தூக்கிப் போடச் சொல்வது எங்கள் தொழிலில் தினமும் நடக்கிற காரியம். புது பேட்டரி விற்றால் கமிஷன் வரும். பழசு நல்லா இருக்கிறது என்று சொன்னால் டீக்காசுகூடத் தேறாது.

தீப்பொறி பார்க்கிற பழக்கம்

நான் பேசிக்கொண்டிருக்கும்போதே கடைப் பையன் பானெட்டைத் திறந்து ஒரு துண்டு வயரை எடுத்துவிட்டான். “அண்ணா, கரண்ட் இருக்கான்னு ஒரு தட்டு தட்டிப் பார்த்துடட்டுமா?”

பிளஸ்ஸையும் மைனஸையும் வயராலோ ஸ்க்ரூடிரைவராலோ ஒரு தொடு தொட்டுப் பொறி எப்படிப் பறக்கிறது என்று பார்ப்பது. பொறி பெரிதாக இருந்தால் பேட்டரி நல்லது, சின்னதாக இருந்தால் சரியில்லை என்று ஒரு கணக்கு. ஊர் ஊராக இந்தச் சோதனை நடக்கிறது. நானும் பல வருஷம் செய்தவன்தான், ஒரு நாள் வரைக்கும்.

அன்று சார்ஜரிலிருந்து அப்போதுதான் கழற்றிய ஒரு பேட்டரி. தட்டினேன். பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம், இரண்டு மூடிகள் கூரைத் தகரத்தில் போய் அடித்தன. கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது. பஞ்சர் பார்க்க வைத்திருந்த தொட்டியில் முகத்தை முக்கி முக்கிக் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். சட்டையில் அப்போது ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் துவைத்து உதறியபோதுதான் நெஞ்சுப் பக்கம் முழுக்கச் சல்லடை.

காரணம் எளிது. சார்ஜ் ஏறும்போது பேட்டரிக்குள் இருக்கும் தண்ணீர் பிரிந்து ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் வருகின்றன. காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு ஹைட்ரஜன் இருந்தாலே ஒரு பொறிக்குப் பற்றிக்கொள்ளும். இந்தக் கார் இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்திருக்கிறது. வழியெல்லாம் ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றிக்கொண்டே வந்திருக்கும். அந்த நேரத்தில் அதன் தலையில் பொறி பறக்கவிடுவது கேஸ் அடுப்பைத் திறந்துவிட்டு நிதானமாகத் தீக்குச்சி தேடுவதற்குச் சமம்.

வயரை வாங்கிப் போட்டுவிட்டுப் பையன் கையிலிருந்த காப்பைக் கழற்றச் சொன்னேன். என் மோதிரத்தையும் கழற்றினேன். ஸ்பேனரும் மோதிரமும் சேர்ந்து பிளஸ்ஸுக்கும் பாடிக்கும் நடுவே மாட்டினால் மோதிரம் ஒரு நொடியில் பழுத்துவிடும், விரலோடு. கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு ரப்பர் உறை, பக்கத்தில் ஒரு பக்கெட் தண்ணீர், கொஞ்சம் ஆப்பசோடா. சோடா தரையில், பெட்டிமேல் சிந்திய ஆசிட்டுக்கு மட்டும். கண்ணில் பட்டால் சோடா கூடாது. வெறும் தண்ணீரால் கால் மணி நேரம் விடாமல் கழுவிவிட்டு டாக்டரிடம் போக வேண்டியதுதான்.

மீட்டரைத் தொடுவதற்கு முன் பெட்டியைச் சுற்றி ஒரு பார்வை. பக்கவாட்டில் உப்பியிருக்கிறதா, விரிசல் உண்டா, அழுகின முட்டை நாற்றம் வருகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் சோதனை கிடையாது, சார்ஜ் கிடையாது; வண்டியைக் காற்றோட்டமாக நிறுத்திவிட்டு ஆறிய பிறகு கழற்றி ஒதுக்கிவிடுவேன். இதில் அப்படி எதுவும் இல்லை. பிளஸ் டெர்மினல் மட்டும் கொஞ்சம் பூத்திருந்தது, நீலமும் வெள்ளையுமாக.

கடையில் பார்த்தது

வந்த உடனே மீட்டர் வைத்தேன்: 12.9 வோல்ட். வாத்தியார் முகத்தில் குழப்பம். “ரொம்ப நல்லா இருக்கே தம்பி?”

நம்பக்கூடாது. ஓடி வந்த வண்டியில் தகடுகளின் மேற்பரப்பில் மட்டும் நிற்கிற சார்ஜ் அது, பால் பொங்கி நுரை ஏறின மாதிரி. ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் போட்டு அணைத்துக் கொஞ்சம் விட்டுப் பார்த்தால் நுரை அடங்கும். 12.5-க்கு வந்தது. உண்மையான எண் வேண்டுமென்றால் வண்டி ராத்திரி முழுக்கச் சும்மா நிற்க வேண்டும். அவரை பஸ்ஸில் அனுப்பிவிட்டு மைனஸ் கேபிளைக் கழற்றி வைத்தேன். கழற்றும்போது எப்போதும் மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். மைனஸ் கழன்றுவிட்டால் பிளஸ்ஸில் வேலை செய்யும் ஸ்பேனர் பாடியில் இடித்தாலும் ஒன்றும் ஆகாது.

மறுநாள் காலை 12.42. முழுச் சார்ஜ் என்றால் 12.6-க்குக் குறையாமல் இருக்க வேண்டும், 12.4 முக்கால், 12.2 பாதி, 12-க்கு வந்துவிட்டால் ஏறக்குறைய கால்தான். ஆக முக்கால் குடம்.

இந்தப் பேட்டரியில் ஆறு செல்லுக்கும், அதாவது உள்ளே இருக்கும் ஆறு அறைக்கும், தனித்தனி மூடி இருந்தது நல்லதாகப் போயிற்று. மூடி இருந்தால் என் கை தானாக, ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரைத் தேடும். வோல்ட் மீட்டர் ஆறு பேரின் மொத்த மார்க்கைச் சொல்லும். ஹைட்ரோமீட்டர் ஒவ்வொருவர் மார்க்கையும் சொல்லும். ரப்பர் பந்தை மெதுவாக அழுத்தி விட்டு ஆசிட்டை உறிஞ்ச வேண்டும். மிதவை கண்ணாடிச் சுவரில் ஒட்டாமல் நிற்க வேண்டும். குனிந்து கண் மட்டத்தில் வைத்துப் படிக்க வேண்டும். எந்தச் செல்லில் எடுத்தோமோ அதிலேயே திரும்ப விட வேண்டும். ஆசிட் கழுநீர் மாதிரி கலங்கி வந்தால் தகடு உதிர்கிறது என்று அர்த்தம். இதில் தெளிவாக இருந்தது. ஐந்து செல்லில் 1.235. மூன்றாவதில் மட்டும் 1.195.

பையன் உடனே தீர்ப்பு எழுதிவிட்டான். “மூணாவது செல் போச்சுங்கண்ணா.”

அவசரம். செல்லுக்குச் செல் 0.050 வித்தியாசம் இருந்தால் சந்தேகப்பட வேண்டும், இங்கே 0.040. அதுவும் சார்ஜ் குறைவாக இருக்கும்போது எடுத்த அளவு. முழுசாக ஏற்றிய பிறகும் அந்தச் செல் எழுந்திருக்காமல் கிடந்தால்தான் அது போன செல். தகடு மூழ்கும் அளவுக்கு டிஸ்டில்ட் வாட்டர் இருக்கிறதா என்று பார்த்தேன், இருந்தது. (வீட்டில் கேன் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். குடிக்க நல்ல தண்ணீர் பேட்டரிக்கு நல்ல தண்ணீர் ஆகாது. அதில் உப்பு மிச்சம் இருக்கும்.) 35 ஆம்பியர்-அவர் கொள்ளளவுள்ள பேட்டரி, அதில் பத்தில் ஒரு பங்காக 3.5 ஆம்பியரில் சார்ஜ் வைத்தேன். கிளிப்பை மாட்டிய பிறகு ஸ்விட்ச், அணைத்த பிறகு கிளிப்பைக் கழற்றுவது. இந்த ஒன்றை மாற்றிச் செய்து வாங்கிய அடிகள்தான் அதிகம்.

சார்ஜ் முடிந்து நான்கு மணி நேரம் ஆறவிட்டு மறுபடி பார்த்தேன். ஐந்து செல் 1.260, மூன்றாவது 1.245. வோல்ட் 12.58. எழுந்துவிட்டது. கொஞ்சம் மந்தமான பையன், ஆனால் பாஸ்.

அடுத்தது லோடு. வேலை கொடுக்காமல் யாரையும் நல்ல வேலைக்காரன் என்று சொல்லக் கூடாது. பேட்டரி மேல் ஒட்டியிருந்த குளிர்நேர ஸ்டார்ட்டிங் அளவு 300 ஆம்பியர். அதில் பாதி, 150 ஆம்பியர், பதினைந்து விநாடி இழுக்க வேண்டும். 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. பழைய முள் வைத்த செல் டெஸ்டரை நான் இதற்கு எடுப்பதில்லை, டெர்மினலில் குத்தும்போதே பொறி வரும். லோடைத் திருகிக் கூட்டுகிற டெஸ்டர் என்றால் முதலில் கிளிப் மாட்டிவிட்டு அப்புறம் லோடு கொடுக்கலாம், பொறி இல்லை. பதினைந்தாவது விநாடியில் 10.3 நின்றது.

காரில் மாட்டி, டெர்மினலைச் சுத்தம் செய்து செல்ஃப் அடித்தேன்: 10.4. மைனஸ் டெர்மினலுக்கும் இன்ஜினுக்கும் நடுவே செல்ஃப் சுற்றும்போது வோல்ட் இழப்பு 0.15தான், எர்த் வயர் நன்றாக இருக்கிறது. ஓடும்போது 14.2, லைட்டும் ஃபேனும் போட்டால் 13.9, ஆல்டர்னேட்டரும் சரி.

வாத்தியாருக்குப் போன் செய்தேன். “பேட்டரி நல்லா இருக்கு சார். டெர்மினல் பூத்திருந்துச்சு, கிளீன் பண்ணியாச்சு. புதுசு வேண்டாம்.” மனுஷனுக்கு அவ்வளவு சந்தோஷம். எனக்கும்தான்.

ஐந்தாம் நாள்

வெள்ளிக்கிழமை வண்டியை எடுத்துப் போனார். அடுத்த மூன்று நாள் மேலே மூடுபனியும் சாரலும். வண்டியை வெளியே எடுக்கவே இல்லை. நான்காம் நாள் சாயங்காலம் போன். “தம்பி, பழையபடி டக் டக்.” குரலில் கோபம் இல்லை, அதுதான் உறுத்தியது.

என் தப்பு எது என்று அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. ராத்திரி முழுக்க மைனஸைக் கழற்றி வைத்துப் பேட்டரியைச் சோதித்தேன். கழற்றாமல் வைத்துக் காரைச் சோதிக்கவில்லை. குடம் ஓட்டையில்லை என்று நிரூபித்தேன். யார் மொள்கிறார்கள் என்று பார்க்கவில்லை. சேலம் போய் வந்தால் மூன்று நாள் நன்றாக இருக்கிறது என்று அவர் முதல் நாளே வாயால் சொன்னார். காதில் வாங்கியதோடு சரி.

“சார், ராத்திரி படுக்கப் போறதுக்கு முன்னாடி பானெட் லீவரை இழுத்து விட்டுட்டுக் கதவைச் சாத்திருங்க. காலையில நான் வர்ற வரைக்கும் வண்டியைத் தொடாதீங்க” என்றேன். லீவர் உள்ளே இருக்கிறது; காலையில் கதவைத் திறந்தால் உள்விளக்கு எரியும், காரில் தூங்குகிறதெல்லாம் எழுந்துகொள்ளும். அப்புறம் எடுக்கிற அளவு பொய்யாகிவிடும்.

விடியற்காலை பைக்கில் ஏறினேன். நாகலூர் போய்ச் சேரும்போது மணி ஆறே முக்கால், காபிச் செடிகளுக்கு நடுவே பனி நகர்ந்துகொண்டிருந்தது. பழியைக் குளிர்மேல் போட எல்லோருக்கும் பிடிக்கும். 1,500 மீட்டர் உயரத்து டிசம்பரில் பேட்டரி கொஞ்சம் சோம்பும், இன்ஜின் ஆயிலும் கெட்டிப்படும், உண்மைதான். ஆனால் ஏற்காட்டுக் குளிர் நல்ல பேட்டரியைப் படுக்க வைக்கிற அளவுக்குக் குளிர் இல்லை. ஆயுளைத் தின்பது சேலத்துச் சித்திரை வெயில்தான். குளிர் அதைக் காட்டிக் கொடுக்கும், அவ்வளவே. ஹைட்ரோமீட்டர் மட்டும் குளிரில் கொஞ்சம் கூட்டிச் சொல்லும். பத்து டிகிரிக்கு 0.007 கழித்துக்கொள்ள வேண்டும்.

பானெட்டைத் தூக்கி மீட்டர் வைத்தேன். 12.04. சாவியைத் திருப்பச் சொன்னேன். 8.4-க்கு விழுந்து ‘டக் டக்’.

இப்போது திருடனைப் பிடிக்கிற வேலை. சாவியை வெளியே எடுத்தாயிற்று. கதவு லாக்கை ஸ்க்ரூடிரைவரால் அமுக்கி, சாத்தியிருக்கிறது என்று காரை நம்ப வைத்தேன். மீட்டரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி ஒரு முனையை மைனஸ் கம்பத்திலும் இன்னொன்றை மைனஸ் கிளாம்பிலும் வைத்துக்கொண்டு கிளாம்பை மெதுவாக மேலே உருவினேன். அப்படிச் செய்தால் இணைப்பு நடுவில் அறுவதில்லை, பொறியும் இல்லை. இந்த நிலையில் யாரும் செல்ஃப் அடித்துவிடக் கூடாது, மீட்டர் ஃபியூஸ் போய்விடும். சாவியை என் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

அரை மணி நேரம் காத்திருந்தோம். அவர் வீட்டம்மா காபி கொண்டு வந்தார், சொந்தத் தோட்டத்துக் கொட்டை. மீட்டர் 0.24 ஆம்பியரிலேயே நின்றது. தூங்குகிற கார் 0.05-க்கு மேல் குடிக்கக் கூடாது. 0.24 என்றால் ஒரு நாளைக்கு ஆறு ஆம்பியர்-அவருக்குக் கொஞ்சம் குறைவு. நான்கு நாளில் இருபத்து மூன்று. 35-இல் அது போனால் மிச்சம் மூன்றில் ஒரு பங்கு, காலையில் பார்த்த 12.04-க்கு அந்தக் கணக்கு ஒத்துப்போகிறது. கடைத்தெருவுக்குப் பத்து நிமிடம் போய் வந்தால் ஒன்றிரண்டு திரும்பும். ஆறு போகிற இடத்தில் அது எந்த மூலைக்கு?

ஃபியூஸ் பெட்டியைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். மீட்டர் அசையவே இல்லை. எல்லாவற்றையும் பிடுங்கியாயிற்று, அப்போதும் 0.23.

பின்னால் கையைக் கட்டி நின்றிருந்த வாத்தியார் சொன்னார்: “எல்லாப் பசங்களும் வாயைப் பொத்திட்டு உக்காந்திருக்கானுங்க. அப்ப பேசறது யாரு?”

அவர் கேட்டதும்தான் பிளஸ் கிளாம்பைத் திரும்பப் பார்த்தேன். கம்பெனி கேபிளோடு ஒட்டிக்கொண்டு தனியாக ஒரு மெல்லிய சிவப்பு வயர். ஃபியூஸ் பெட்டிக்கே போகாமல் நேராக உள்ளே நுழைகிறது. அதன் நடுவில் இருந்த ஒற்றை ஃபியூஸை உருவினேன். மீட்டர் 0.02.

வயர் போய் முடிந்த இடம் இடதுபக்க முன் சீட்டுக்கு அடியில். பாட்டுக்கான ஆம்ப்ளிஃபயர். கையை வைத்துப் பார்த்தேன். பானெட் தகரம் பனியில் நனைந்து சில்லென்று இருக்க, அந்தப் பெட்டி மட்டும் பூனை படுத்து எழுந்த இடம் போல லேசாக வெதுவெதுத்தது. முந்தின வருஷம் பொங்கலுக்கு வந்த மகன் போட்டுவிட்டுப் போனதாம். ‘இப்போது விழித்துக்கொள்’ என்று ஆம்ப்ளிஃபயருக்குச் சொல்கிற நீல வயரை, பாட்டுப் பெட்டியின் நீல வயரோடு சேர்க்காமல், எப்போதும் கரண்ட் இருக்கிற அந்தச் சிவப்பு வயரோடே முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். பாட்டு நன்றாகக் கேட்கும். யாருக்கும் சந்தேகம் வராது. ராத்திரியும் பகலும் அது விழித்தே இருந்தது.

வாத்தியார் மனசுக்குள் தேதிகளைக் கூட்டிப் பார்ப்பது தெரிந்தது. “அப்ப அக்டோபர்ல தூக்கிப் போட்ட பேட்டரி?”

“அது உங்களுக்கு எவ்வளவு நாள் உழைச்சுது சார்?”

“ரெண்டரை வருஷம்.”

நான் பதில் சொல்லவில்லை. உறுதியாகச் சொல்ல அந்தப் பேட்டரி இப்போது இல்லை.

நீல வயரை அதன் இடத்தில் சேர்த்தேன், பத்து நிமிட வேலை. பக்கத்துத் தோட்டத்து ஜீப்பிலிருந்து ஜம்பர் வயர் போட்டு ஸ்டார்ட் செய்தோம். பிளஸ்ஸுக்குப் பிளஸ், ஜீப்பின் மைனஸ், கடைசிக் கருப்புக் கிளிப்பைக் காரின் பேட்டரியில் மாட்டாமல் தள்ளி இன்ஜின் இரும்பில். கடைசிக் கிளிப்பில்தான் பொறி வரும், அது பேட்டரிக்குப் பக்கத்தில் வரக் கூடாது.

கீழே கொண்டு வந்து மறுபடி முழுசாகச் சார்ஜ் ஏற்றி அதே லோடு கொடுத்தேன். 10.3 நின்ற இடத்தில் இப்போது 10.1. மூன்றாவது செல் 1.240. ஒவ்வொரு தடவை அடிமட்டம் வரைக்கும் காலியாகும்போதும் தகடுகளில் ஈய சல்ஃபேட் படிந்து கொஞ்சம் கெட்டிப்பட்டுவிடும், எல்லாம் கரைந்து திரும்பாது. பேட்டரி நல்லதுதான், ஆனால் பதினாலு மாதத்தில் இரண்டு வயது ஏறிவிட்டது என்று அவரிடம் மறைக்காமல் சொன்னேன். புதுசுக்கு என்று எடுத்து வந்த நாலாயிரத்துச் சொச்சத்தில் எனக்குக் கூலி கொடுத்துவிட்டு, மிச்சத்தில் கொஞ்சம் எடுத்துக் கடைவீதியில் ஒரு சின்ன மல்டிமீட்டர் வாங்கிப் போனார்.

பிப்ரவரியில் ஒரு வேலையாக மேலே போனபோது வீட்டில் எட்டிப் பார்த்தேன். எழுதாமல் மிச்சமிருந்த பழைய வருகைப் பதிவேடு ஒன்றில் ஞாயிற்றுக்கிழமைதோறும் வண்டியை எடுப்பதற்கு முன் எண்களை எழுதி வைத்திருக்கிறார்: 12.55, 12.53, 12.56, 12.52. நடுவில் ஒரு வாரம் மட்டும் 12.31. அதற்கு நேரே சிவப்பு மையில் எழுதியிருந்தார்: “டிக்கி சரியாகச் சாத்தவில்லை. தவறு என்னுடையது.”